பூசணிப் பிஞ்சு வெம்பி விழுவது ஏன்?

கேள்வி: ஐயா, அவிசாவளையில் கால் ஏக்கர் பூசணி வைத்திருக்கிறேன். கொடி செழிப்பு, பூவும் நிறைய. பிஞ்சு தேசிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. யூரியா போட்டேன், மருந்தும் அடித்தேன். பக்கத்துக் காணிக்காரர் தேனீ வளர்ப்பைக் கைவிட்டுவிட்டார். நான் ஒரு பெட்டி வைத்தால் சரிவருமா?

பதில்: விழுந்த பிஞ்சு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. புழு இல்லையென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. உங்கள் காணியில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். யூரியாவை நிறுத்துங்கள். அது கொடியைத்தான் கொழுக்க வைக்கும்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அதற்குள் தேனீக்கள் பலமுறை வந்துபோனால்தான் காய் நிற்கும். அரைகுறையாக மகரந்தம் கிடைத்த காய் ஒருபக்கம் சூம்பிப்போகும்.

நாளைக் காலையே கையால் செய்து பாருங்கள். புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். கால் ஏக்கருக்கு இது முடியாத வேலை இல்லை. அடுத்த சில நாட்களில் காய் பருத்தால் சந்தேகம் தீர்ந்தது.

பெட்டி வைப்பது நல்லதுதான், ஆனால் வைத்தவுடன் பலன் தராது. நம் நாட்டில் வளர்ப்பது மரப்பொந்தில் கூடு கட்டும் உள்ளூர்த் தேனீ. தீனி குறைந்தாலோ, எறும்போ மெழுகுப் பூச்சியோ தொல்லை கொடுத்தாலோ கூட்டைவிட்டுப் பறந்துவிடும். பலர் கைவிடுவதும் இதனால்தான். உங்கள் பக்கம் இறப்பர் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் தேன் அதற்கு விருந்து; இறப்பரை வெட்டி வீடு கட்டினால் அந்த விருந்தும் போச்சு. தென்மேற்குப் பருவமழையில் வெளியே பறக்கவும் முடியாது. அப்போது சீனிப்பாகு வைக்க வேண்டும். பெட்டிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இவ்வளவுக்கும் பொறுமை இருந்தால் வையுங்கள். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. பெட்டி வாங்குமுன் அங்கே கேளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: பூ விரிந்திருக்கும் காலையில் மருந்து அடிக்க வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுதுபட்ட பிறகு, தேவையான கொடிக்கு மட்டும். அப்புறம், பீர்க்கும் புடோலும் வைத்தால் அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவை மாலையிலும் இரவிலும் பூப்பவை. புடோலுக்கு அந்துப்பூச்சி வரும்.