அட்டவணை அடங்க மறுக்கிறதா? வேர்டு கேள்விகளும் பதில்களும்

சத்துவாச்சாரியில் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள், சங்கத் தீர்மானம் என்று எது வந்தாலும் சமாளித்துவிடலாம். யாராவது பென்டிரைவை நீட்டி, "ஒரே ஒரு டேபிள்தான் அக்கா, கொஞ்சம் அடங்க மாட்டேன் என்கிறது" என்றால் அன்றைய மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

பதில்களுக்கு முன் ஒன்று. அட்டவணை கெட்டுவிட்டது என்று கொண்டுவருகிற பைல்களில் பெரும்பாலும் அட்டவணை நன்றாகவே இருக்கும். கட்டத்துக்குள் உள்ள பத்தியின் அமைப்போ எழுத்துருவோதான் கெட்டிருக்கும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் பத்திக்குறிகளும் ஸ்பேஸ் புள்ளிகளும் தெரியும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மெனுப் பெயர்களை ஆங்கில வேர்டில் திரையில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

குடியாத்தம், லுங்கி வியாபாரி: அக்கா, சரக்குப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் மீதி வரிசைகள் காணாமல் போகின்றன. இரண்டாம் பக்கத்துக்கு வருவதே இல்லை. அழிந்துவிட்டதா?

அழியவில்லை அண்ணா, தாளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. அட்டவணையின் இடது மேல் மூலையில் நான்கு அம்புக்குறி உள்ள சின்னக் கட்டம் தெரியும். அதைப் பிடித்து எப்போதாவது இழுத்திருப்பீர்கள். இழுத்த உடனே வேர்டு அந்த அட்டவணையைப் பத்திகளின் ஓட்டத்திலிருந்து பிரித்து, படத்தைப்போல மிதக்க விட்டுவிடும். மிதக்கிற அட்டவணை பக்க முடிவில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அட்டவணைக்குள் வலது பொத்தானைச் சொடுக்கி 'டேபிள் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, அந்தப் பெட்டியின் முதல் பக்கத்தில் 'டெக்ஸ்ட் ராப்பிங்' என்பதில் 'அரவுண்ட்' இருந்தால் 'நன்' ஆக மாற்றுங்கள். வரிசைகள் தாமாக இரண்டாம் பக்கத்துக்கு ஓடும். இனி அட்டவணையை நடுவில் வைக்க வேண்டுமென்றால் இழுக்காதீர்கள். அதே இடத்தில் 'சென்டர்' இருக்கிறது.

மறுபடியும் அவரே: மாற்றிவிட்டேன். இப்போது முதல் பக்கத்தில் பாதி வெறுமையாக இருக்கிறது, அட்டவணை முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டதே!

அது வேறு நோய். எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, பாராகிராப் பெட்டியில் 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' பகுதிக்குப் போய், 'கீப் வித் நெக்ஸ்ட்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் எல்லாமே சேர்ந்துதான் நகரும். தாவியது ஒரே ஒரு பெரிய வரிசை என்றால் டேபிள் பிராப்பர்ட்டீஸில் 'ரோ' பக்கத்தில் 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' என்பதற்கு டிக் போடுங்கள்.

ராணிப்பேட்டை, அலுவலக உதவியாளர்: மேடம், ஆங்கிலத்தில் இருந்த படிவத்தைத் தமிழில் தட்டச்சு செய்தேன். கட்டத்துக்குள் 'கீ', 'தி' போன்றவற்றின் மேல் வளைவு வெட்டுப்படுகிறது. 'மூ', 'கு' கீழே வெட்டுப்படுகின்றன. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியவில்லை.

எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்காக அளவெடுத்த கட்டத்தில் அந்த இடம் இருக்காது. வெட்டுகிற கத்தி இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு "அக்கா சொன்னது வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

முதலாவது, வரிசையின் உயரம். டேபிள் பிராப்பர்ட்டீஸ், 'ரோ' பக்கம். அங்கே 'எக்ஸாக்ட்லி' என்று இருந்தால் வரிசை அந்த அளவுக்கு மேல் ஒரு இம்மியும் வளராது. உள்ளே என்ன இருந்தாலும் மீதியை மறைத்துவிடும். 'அட் லீஸ்ட்' என்று மாற்றினால் அந்த அளவு குறைந்தபட்சமாக மட்டும் இருக்கும், தேவைப்பட்டால் வளரும்.

இரண்டாவது, வரி இடைவெளி. கட்டத்துக்குள் உள்ள பத்தியைத் தேர்ந்தெடுத்துப் பாராகிராப் பெட்டியைத் திறந்தால் 'லைன் ஸ்பேசிங்' என்பதிலும் ஒரு 'எக்ஸாக்ட்லி' உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் 12 பாயின்ட். அதை 'சிங்கிள்' ஆக்குங்கள். மேல் வளைவு மட்டும் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டாவது வரியே மறைந்துபோனால் வரிசை உயரம். கட்டத்துக்குள் ஒட்டிய கையெழுத்துப் படமோ முத்திரையோ ஒரு கீற்றாக மட்டும் தெரிந்தாலும் வரி இடைவெளியை 'சிங்கிள்' ஆக்குவதுதான் மருந்து.

படிவம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவாக இருக்கும், தெரியும். அப்படியானால் மார்ஜினைக் குறையுங்கள், பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இடைவெளியைச் சுழியமாக்குங்கள். எழுத்தின் தலையை வெட்டி இடம் பிடிக்காதீர்கள்.

வாலாஜாபேட்டை, பள்ளி ஆசிரியை: மதிப்பெண் பட்டியலில் தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வர 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்தேன். வரவில்லை. இப்போதைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

டீச்சர், புதிதாக ஒரு மாணவி சேர்ந்தால் நீங்கள் தட்டச்சு செய்த தலைப்பெல்லாம் ஒரு வரிசை கீழே இறங்கி, பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். முதலில் அவற்றை நீக்குங்கள். அந்த வசதி வேலை செய்யாததற்குக் காரணம் மூன்றில் ஒன்று. அட்டவணையின் முதல் வரிசையைச் சேர்க்காமல் இரண்டாவதை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். தேர்வு முதல் வரிசையிலிருந்தே தொடங்க வேண்டும். அல்லது குடியாத்தம் அண்ணனுக்குச் சொன்ன 'அரவுண்ட்' விவகாரம். மிதக்கும் அட்டவணையில் தலைப்பு திரும்ப வராது. அல்லது பக்கம் பிரிக்க நீங்களே கண்ட்ரோல் என்டர் அழுத்தியிருப்பீர்கள். வேர்டு தானாகப் பக்கம் பிரிக்கிற இடத்தில் மட்டும்தான் தலைப்பைத் திரும்பப் போடும். உங்களுக்கு மூன்றாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் கொண்டுவரும் பைல்களில் அதுதான் வழக்கம்.

திருப்பத்தூர், ஆய்வு மாணவர்: திரையில் கோடு தெரிகிறது, அச்சில் வரவில்லை.

தம்பி, நீங்கள் பார்ப்பது 'கிரிட்லைன்ஸ்', நமக்கு வழிகாட்ட மட்டும் வரைகிற புள்ளிக்கோடு. அது அச்சாகாது. அட்டவணையைத் தேர்ந்தெடுத்து 'பார்டர்ஸ்' பட்டியலில் 'ஆல் பார்டர்ஸ்' கொடுங்கள். இதற்கு நேர்மாறாக, அச்சில் வருகிற மெல்லிய கோடு திரையில் சில இடங்களில் மறைந்தால் பயப்பட வேண்டாம். ஜூமைக் கூட்டிப் பாருங்கள்.

வேலூர் காந்தி ரோடு, விடுதி மேலாளர்: எங்கள் வாடகைப் பட்டியலைத் தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் ஒரே அட்டவணையாக வைத்திருக்கிறோம். என் கணினியில் சரியாக இருக்கிறது. அச்சுக்கடைக்கு அனுப்பினால் வங்காளம் மட்டும் வெறும் பெட்டிகளாக வருகிறது, வரிசைகளும் ஏறி இறங்குகின்றன.

சிகிச்சைக்கு வருகிறவர்களால் உங்கள் தெருவில் பெயர்ப்பலகை முதல் சாப்பாட்டு மெனு வரை வங்காளம் பேசுகிறது. அச்சுக்கடைக் கணினிக்கு அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். வேர்டு பைலுக்குள் வழக்கமாக எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகும், எழுத்துரு போகாது. அந்தக் கணினியில் அது இல்லையென்றால் வேறொன்றைப் போட்டு நிரப்பும். அதன் அகலமும் உயரமும் வேறு என்பதால் வரிசைகள் ஆடும்.

மூன்று மொழிக்கும் 'நிர்மலா யுஐ' எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, தமிழ், வங்காளம், தேவநாகரி மூன்றும் அதில் உண்டு. லதாவில் தமிழ் வரும், வங்காளம் வராது. எழுத்துருவையோ அளவையோ மாற்றியும் இந்திய மொழி எழுத்துகள் மட்டும் மாறாமல் நின்றால், ஃபான்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் மாற்ற வேண்டும். கடைசியில் அச்சுக்கடைக்கு வேர்டு பைலை அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். நான் கடைக்காரியாகவே சொல்கிறேன், எங்களுக்கும் அதுதான் நிம்மதி.

ஆம்பூர், காலணித் தொழிற்சாலைக் கணக்கர்: எக்செல்லிலிருந்து ஒட்டினால் வலப்பக்கம் தாளுக்கு வெளியே போய்விடுகிறது. அளவு வாரியாக நிறைய நெடுவரிசைகள் உண்டு.

அட்டவணைக்குள் சொடுக்கினால் தோன்றுகிற, அட்டவணைக்கான லேஅவுட் மெனுவில் 'ஆட்டோஃபிட்', அதில் 'ஆட்டோஃபிட் விண்டோ'. அட்டவணை மார்ஜினுக்குள் வந்துவிடும். வந்த பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எண் இரண்டாக உடைந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கவைக்க வேண்டும்: அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, மார்ஜின் பெட்டியில் 'லேண்ட்ஸ்கேப்' கொடுத்து, கீழே 'அப்ளை டு' என்பதில் 'செலக்டட் டெக்ஸ்ட்' என்று வையுங்கள். மற்ற பக்கங்கள் நின்றபடியே இருக்கும். வேர்டு அட்டவணைக்கு 63 நெடுவரிசைகள்தான் எல்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் அளவுகளை மேலிருந்து கீழாகவும் மாடல்களைக் குறுக்காகவும் வைத்துப் பாருங்களேன். மாடல்கள் குறைவு என்றால் இந்தச் சிக்கலே எழாது.

ஆரணி, பட்டுச்சேலை வியாபாரி: விலைகள் நேர்க்கோட்டில் நிற்கவில்லை. ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்துகிறேன்.

ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள். முழு ரூபாய் என்றால் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கமாக ஒதுக்குங்கள். பைசாவும் இருந்தால் இடப்பக்கம் ஒதுக்கி, ரூலரில் 'டெசிமல் டேப்' ஒன்று வையுங்கள். கட்டத்துக்குள் டேப் விசையை அழுத்தவே வேண்டாம், புள்ளிக்குப் புள்ளி தானாக நிற்கும்.

காட்பாடி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): வரவு செலவு அட்டவணைக்குப் பிறகு ஒரு வெற்றுப்பக்கம் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது.

ஐயா, அட்டவணைக்குப் பின்னால் ஒரு பத்திக்குறி கட்டாயம் இருக்கும். அதை அழிக்க வேர்டு விடாது. அட்டவணை பக்கத்தின் விளிம்புவரை வந்தால் அந்தக் குறி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவு 1, வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' 1 பாயின்ட், முன்னும் பின்னும் சுழியம் என்று வையுங்கள். நான் 'எக்ஸாக்ட்லி'யைப் பரிந்துரைக்கிற ஒரே இடம் இதுதான்.

ஆற்காடு, பத்திர எழுத்தர்: பழைய அட்டவணைகள் தட்டச்சுக் கால எழுத்துருவில் இருக்கின்றன. லதாவுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. மாவட்டப் பெயரையும் மாற்ற வேண்டும்.

அவை யூனிகோடு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறை) அல்ல. 'வானவில்', 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து போன்ற குறியீடுகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. எழுத்துருவை மாற்றினால் போர்வை விலகும், அவ்வளவுதான். குறியீட்டு மாற்றி மூலம் யூனிகோடாக்கித்தான் தீர வேண்டும். முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் சர்வே எண்களின் ஏ, பி உட்பிரிவுகளும் தமிழாகிவிடும். நெடுவரிசை நெடுவரிசையாக மாற்றுங்கள். அகலத்தை அதற்குப் பிறகு சரிசெய்யுங்கள், ஏனென்றால் எழுத்தின் அகலமே மாறிவிடும்.

பழைய டாக் பைலை 'கன்வர்ட்' செய்ததும் அட்டவணை சற்று வலப்பக்கம் நகர்ந்தால் அது பிழையல்ல. பழைய வேர்டு கட்டத்துக்குள் உள்ள எழுத்தை மார்ஜினோடு ஒட்டவைத்தது, கோடு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேர்டு 2013 முதல் கோடே மார்ஜினில் நிற்கிறது. பழையபடி வேண்டுமென்றால் 'இன்டென்ட் ஃபிரம் லெஃப்ட்' என்பதில் மைனஸ் 0.19 சென்டிமீட்டர் போடுங்கள்.

மாவட்டம்: உங்களிடம் 'வட ஆற்காடு', 'வட ஆற்காடு அம்பேத்கர்', 'வேலூர்' மூன்றும் கலந்திருக்கும். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு. ஆகவே 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தவே கூடாது. வட்டத்தின் பெயரை வைத்து அட்டவணையை 'சார்ட்' செய்து (அகர வரிசைப்படுத்தி), ஒவ்வொரு தொகுதியாக மாற்றுங்கள். மூலப் பத்திரத்தை மேற்கோள் காட்டுகிற இடத்தில் பழைய பெயர் அப்படியே இருக்கட்டும்.

அணைக்கட்டு, உழவர் குழு உறுப்பினர்: இலவம்பாடி முள்ளுக்கத்தரி வரத்துக் கணக்கை வாட்ஸ்அப்பில் வேர்டாக அனுப்புகிறேன். உறுப்பினர்களின் போனில் அட்டவணை சிதறுகிறது.

போனில் உள்ள வேர்டு செயலி திரை அகலத்துக்கு ஏற்றபடி எழுத்தை மடக்கிக் காட்டும் 'மொபைல் வியூ'வில் இருந்தால் அகலமான அட்டவணை அப்படித்தான் தெரியும். பைலில் எந்தக் கோளாறும் இல்லை. யாரும் திருத்தப்போவதில்லை என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். திருத்த வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் வேர்டு பைல் போதும். அவருக்கும் தேதி, பெயர், கிலோ, விலை என்ற நான்கு நெடுவரிசைக்கு மேல் வைக்காதீர்கள்.