டோக்கியோவிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

கேள்வி: டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பதில்: நேர்வழியில் ஏறக்குறைய 10,850 கிலோமீட்டர். டோக்கியோவிலிருந்து போகும்போது 13 மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்பும்போது 14 மணி நேரத்தை ஒட்டி. வேறு ஊர்களுக்கு நீங்களே கணக்குப் போட வேண்டுமா? தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்காக அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கும் நிற்காத நீண்ட பயணத்துக்கு ஓரளவு சரியாக வரும்.

கேள்வி: ஒரே தூரம்தானே, திரும்பி வர மட்டும் ஏன் அதிக நேரம்? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகிற விமானம் அல்லவா சீக்கிரம் சேர வேண்டும்?

பதில்: பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, அதனால் அந்தக் கணக்கு இங்கே எடுபடாது. காரணம் காற்றுதான். விமானங்கள் பறக்கும் உயரத்தில், தரையிலிருந்து 10 கிலோமீட்டர் வாக்கில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய விஷயத்தை சிலரே அறிந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நியூயார்க் போகும் விமானம் இந்தக் காற்றைப் பிடிப்பதற்காகவே பல நாட்களில் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும். திரும்பும்போது எதிர்க்காற்றிலிருந்து விலகி வடக்கே ஒதுங்கும்.

கேள்வி: வரைபடத்தில் நேர்கோடு பசிபிக்கின் நடுவே போகிறது. நேர்வழி அலாஸ்கா மேலே என்கிறார்களே?

பதில்: உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த மயக்கம். உலக உருண்டை ஒன்றை எடுத்து இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள், அது தானாகவே அலாஸ்கா மேல் போய் உட்காரும்.

கேள்வி: டிக்கெட்டில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 10 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது. தவறா?

பதில்: சரிதான். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் நியூயார்க் 14 மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் 13. பயணம் 13 மணி நேரம் என்றால் கணக்கு ஒத்துப்போகிறது.

கேள்வி: எனக்கு 22 மணி நேரம் காட்டுகிறதே?

பதில்: வழியில் விமானம் மாறுகிறீர்கள். காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கம்.

கேள்வி: பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு 9 மணி நேரம் சொச்சம்தான். இப்போது ஏன் 13?

பதில்: 2022-ல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. அதனால் வட துருவப் பக்கமாகவோ தெற்கே சுற்றியோதான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய பயண நேரங்களை நம்பித் திட்டமிடாதீர்கள், இன்றைய அட்டவணையைப் பாருங்கள்.