ஈஸ்டர்: ஒரே விதி, இரண்டு தேதி

கே: 2025-ல் எல்லாச் சபைகளும் ஏப்ரல் 20 அன்று ஈஸ்டர் கொண்டாடின. 2026-ல் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் ஏப்ரல் 5, ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு ஏப்ரல் 12. 2027-ல் மார்ச் 28, மே 2 என்று ஐந்து வாரம் தள்ளிப்போகிறது. ஆளுக்கொரு விதியா?

ப: விதி ஒன்றுதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இதில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. எந்த மார்ச் 21, எந்தப் பௌர்ணமி என்பதில்தான் பிரிகிறார்கள்.

மேற்கத்திய சபைகள் (கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும்), 1582-ல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரி திருத்திய நாட்காட்டியில் கணக்குப் போடுகின்றன. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மிகப் பெரும்பாலானவை ஈஸ்டருக்கு மட்டுமாவது பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருக்கின்றன. (பின்லாந்து ஆர்த்தடாக்ஸ் சபை விதிவிலக்கு, அவர்கள் மேற்கத்தியத் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள்.) ஜூலியன் நாட்காட்டி இப்போது 13 நாள் பின்தங்கியிருப்பதால், அதன் மார்ச் 21 நம் சுவரில் தொங்கும் காலண்டரில் ஏப்ரல் 3. போதாததற்கு அதன் சந்திர அட்டவணையும் பழையது. வானத்தில் பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அந்த அட்டவணையில் பௌர்ணமி வரும்.

நீங்கள் சொன்ன மூன்று ஆண்டுகளையே எடுத்துக்கொள்வோம். 2026-ல் மேற்கத்திய அட்டவணைப்படி பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழன். ஜூலியன் அட்டவணையில் அதே பௌர்ணமி ஏப்ரல் 6, திங்கள். நடுவில் ஒரு ஞாயிறு கடந்துவிட்டது. ஒரு வார வித்தியாசம். 2025-ல் மேற்கில் ஏப்ரல் 13, கிழக்கில் (ஆர்த்தடாக்ஸ் கணக்கில்) ஏப்ரல் 17. முதலாவது ஞாயிறிலேயே விழுந்தது. பௌர்ணமி ஞாயிறன்று வந்தால் ஈஸ்டர் அடுத்த ஞாயிறுக்குப் போகும். ஆகவே இருவருக்கும் ஏப்ரல் 20. 2027-ல் மேற்கின் பௌர்ணமி மார்ச் 22. ஜூலியன் கணக்கில் அது மார்ச் 26. ஏப்ரல் 3-க்கு முந்தியது என்பதால் செல்லாது. அடுத்த மாதப் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். அது ஏப்ரல் 25, அதுவும் ஞாயிறு. எனவே மே 2.

இப்படித்தான் இன்றைய நிலையில் வித்தியாசம் ஒன்றுமில்லை, ஒரு வாரம், நான்கு வாரம், ஐந்து வாரம் என்று நான்கு விதமாக மட்டும் வருகிறது. இரண்டு வாரமோ மூன்று வாரமோ வராது.

கே: பஞ்சாங்கம் இல்லாமல் ஈஸ்டர் தேதியை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

ப: தாராளமாக. ஆண்டை 19-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டுங்கள். அது பொன் எண். 1900 முதல் 2099 வரை மேற்கத்திய பௌர்ணமித் தேதிகள், பொன் எண் 1-லிருந்து 19 வரை வரிசையாக: ஏப்ரல் 14, ஏப்ரல் 3, மார்ச் 23, ஏப்ரல் 11, மார்ச் 31, ஏப்ரல் 18, ஏப்ரல் 8, மார்ச் 28, ஏப்ரல் 16, ஏப்ரல் 5, மார்ச் 25, ஏப்ரல் 13, ஏப்ரல் 2, மார்ச் 22, ஏப்ரல் 10, மார்ச் 30, ஏப்ரல் 17, ஏப்ரல் 7, மார்ச் 27. அந்தத் தேதிக்குப் பிந்தைய ஞாயிறு ஈஸ்டர்.

ஆர்த்தடாக்ஸ் தேதி வேண்டுமா? மேலே உள்ள பௌர்ணமியோடு 4 நாள் கூட்டுங்கள். பொன் எண் 6, 17 ஆகிய இரண்டுக்கு மட்டும் 5 நாள். வந்த தேதி ஏப்ரல் 3-க்கு முன்பு இருந்தால் இன்னும் 30 நாள். பிறகு அடுத்த ஞாயிறு.

2028-ஐப் போட்டுப் பாருங்கள். 19-ஆல் வகுத்தால் மீதி 14, பொன் எண் 15, பௌர்ணமி ஏப்ரல் 10, திங்கள். ஈஸ்டர் ஏப்ரல் 16. நான்கு கூட்டினால் ஏப்ரல் 14, வெள்ளி. அதற்கும் 16-தான். பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு: மீதியோடு 1 கூட்ட மறப்பது, பௌர்ணமி ஞாயிறில் விழுந்தால் அன்றைக்கே ஈஸ்டர் என்று எழுதிவிடுவது.

கே: 2019-ல் மார்ச் 21 அன்றே பௌர்ணமி. விதிப்படி மார்ச் 24 ஈஸ்டராக இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 21-க்குப் போனது எப்படி?

ப: நல்ல கேள்வி. கிரீன்விச் நேரப்படி மார்ச் 20 இரவு சம இரவு நாளின் கணம் வந்தது (பகலும் இரவும் சமமாகும் இந்த நாளுக்குப் பதிலாகத்தான் விதியில் மார்ச் 21 நிற்கிறது). நான்கு மணி நேரத்துக்குள், அதாவது 21-ஆம் தேதி அதிகாலையில், பௌர்ணமி. வானத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சபை வானத்தைப் பார்ப்பதில்லை, அட்டவணையைப் பார்க்கிறது. அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 20. ஒரு நாள் முந்திவிட்டதால் கணக்கில் சேரவில்லை. அடுத்தது ஏப்ரல் 18. மேற்கின் அட்டவணையும் தோராயந்தான். கிழக்கை மட்டும் பிழை என்று சொல்வதற்கில்லை.

கே: ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே 325-ல் இந்த விதியை எழுதிவிட்டதே, பிறகேன் குழப்பம்?

ப: அப்படி எழுதவில்லை. அந்தச் சங்கத்தின் 20 விதிகளில் ஈஸ்டர் தேதி பற்றி ஒன்றுமே கிடையாது. எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற முடிவு, சங்கம் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பிய கடிதத்திலும் பேரரசர் கான்ஸ்டன்டைனின் கடிதத்திலும்தான் இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லாமல் விட்டார்கள். அதன் பலன், ரோம் 84 ஆண்டுச் சுழற்சியையும் அலெக்சாந்திரியா 19 ஆண்டுச் சுழற்சியையும் வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தன. 525-ல் டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி அலெக்சாந்திரியக் கணக்கை லத்தீன் உலகுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகும் இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில், அரசர் ஆஸ்வியு ஈஸ்டர் விருந்து உண்ணும்போது அரசி தவக்காலத்திலேயே இருந்ததுண்டு என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார். அந்த வழக்கைத் தீர்க்கத்தான் 664-ல் விட்பியில் கூடினார்கள்.

கே: ஞாயிறு எதற்கு? யூதர்களின் பாஸ்கா பண்டிகை நாளான நிசான் (யூத மாதம்) 14 அன்றே கொண்டாடுவதுதானே நியாயம்?

ப: 2-ஆம் நூற்றாண்டிலேயே சின்ன ஆசியா (இன்றைய துருக்கி) சபைகள் அப்படித்தான் செய்தன; கிழமை எதுவானாலும் சரி. ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு ரோமுக்குப் போய் ஆயர் அனிசேட்டசுடன் இதைப் பேசினார். ஒருவர் கருத்துக்கு மற்றவர் இணங்கவில்லை, ஆனால் உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் வந்த ரோம் ஆயர் விக்டர் சின்ன ஆசியா சபைகளை ஒதுக்கிவைக்கத் துணிந்தபோது, ஞாயிறன்று கொண்டாடிய லியோன் ஆயர் இரேனியுவே அவரைக் கண்டித்து எழுதினார். அவர் எடுத்துக்காட்டியது இந்தப் பழைய சந்திப்பைத்தான்.

கே: யூதர்களின் பாஸ்காவுக்குப் பிறகே ஈஸ்டர் வரவேண்டும் என்று ஆர்த்தடாக்ஸ் சபையில் விதி உண்டாமே?

ப: 12-ஆம் நூற்றாண்டில் சோனராஸ் என்ற உரையாசிரியர் தந்த விளக்கம் அது, இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களின் கணக்கில் யூத நாட்காட்டியைப் பார்க்கும் படியே இல்லை. ஜூலியன் நாட்காட்டி பிந்திக்கொண்டே போனதால் அப்படி அமைந்துவிட்டது. மேற்கில் அந்த வரிசை தவறுவதுண்டு: 2024-ல் ஈஸ்டர் மார்ச் 31, பாஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை.

கே: பொதுத் தேதி சாத்தியமா?

ப: இரண்டு யோசனைகள் உண்டு. 1997-ல் அலெப்போவில் நடந்த கலந்தாய்வு, விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அட்டவணைக்குப் பதில் எருசலேம் தீர்க்கரேகைப்படி துல்லிய வானியல் கணக்கைப் பயன்படுத்தலாம் என்றது. மற்றது, ஏதாவது ஒரு ஞாயிறை நிரந்தரமாக்குவது. மற்றச் சபைகளும் சம்மதித்தால் மறுப்பில்லை என்று கத்தோலிக்கரின் 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1963-ல் அறிவித்தது. பிரிட்டன் 1928-லேயே ஏப்ரல் இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு என்று சட்டம் இயற்றி, நடைமுறைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டது. நிரந்தர ஞாயிறு காலண்டர் அச்சடிப்பவருக்கு வசதி. ஆனால் பௌர்ணமியோடும் பாஸ்காவோடும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அலெப்போ யோசனையே மேல். அதில் மேற்கின் தேதி அபூர்வமாகவும் கிழக்கின் தேதி அடிக்கடியும் மாறும். தயக்கம் கிழக்கில் அதிகம் இருப்பது அதனால்தான்.

கே: தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே?

ப: ஆறு ஞாயிறுகளைக் கழித்து எண்ணுங்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் ஈஸ்டருக்கு 46 நாள் முன்பு: 2027-ல் பிப்ரவரி 10. ஆர்த்தடாக்ஸ் சபையில் சாம்பல் புதன் கிடையாது. 48 நாள் முன்பு, திங்களன்று தொடங்குவார்கள்: மார்ச் 15.

கே: சில ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஜனவரி 7-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதும் இதே காரணமா?

ப: ஆமாம், பாதிக் காரணம். அங்கே பௌர்ணமி இல்லை. ஜூலியன் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7, அவ்வளவே. கிரேக்கச் சபை போன்றவை டிசம்பர் 25-க்கு மாறிவிட்டன, ஈஸ்டரை மட்டும் மாற்றவில்லை. ஆர்மேனியரின் ஜனவரி 6 வேறு கதை: பிறப்பையும் திருமுழுக்கையும் ஒரே நாளில் கொண்டாடும் பழைய வழக்கம் அது. 2100 ஜூலியனில் லீப் ஆண்டு, கிரகோரியனில் இல்லை. வித்தியாசம் 14 நாளாகும். ஜூலியனையே பின்பற்றும் சபைகளுக்கு அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் 2101 ஜனவரி 8-ல் வரும்.