தழுவல் ஆபத்து

கேள்வி: தாந்தேயின் கவிதையைத் தழுவி மௌனப்படக் காலத்திலேயே இத்தாலியில் படம் எடுத்தார்களாமே? வசனமே இல்லாமல் கவிதையை எப்படிக் காட்டியிருப்பார்கள்?
- கும்பகோணம் வாசகர்

பதில்: 'தழுவி' என்றா எழுதிவிட்டீர்கள்? நம் ஊரில் டைட்டிலில் 'தழுவல்' என்று போட்டால், கதாசிரியருக்குப் பணம் போகவில்லை என்று அர்த்தம். இதே பக்கத்தில் நாற்பது தடவை புலம்பியிருக்கிறேன், இது நாற்பத்தொன்று. இத்தாலியக் கவிஞர் தாந்தேக்கு அந்தக் கவலை இல்லை, 1321-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தழுவலின் ஆபத்தை, நரகத்தைச் சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லும் அந்தக் கவிதையில் அவரே எழுதியிருக்கிறார். பாவ்லோ, பிரான்செஸ்கா. கொழுந்தனும் அண்ணியும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்தர் ராஜா கதையில் வரும் வீரன் லான்சலாட்டின் காதல் கதையைப் படிக்கிறார்கள். முத்தக் கட்டம் வந்தது. 'அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை' என்கிறாள் பிரான்செஸ்கா. புருஷன் இருவரையும் கொன்றான். இப்போது நரகத்தில் ஓயாத சூறைக்காற்று அவர்களைச் சுழற்றியடிக்கிறது. ஆகவே இந்த இதழை இருவராகப் படிப்பவர்கள் ஒரு முழம் தள்ளி உட்காரவும். நம் தொடர்கதையில் முத்தக் கட்டம் வராமல் உதவி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். வந்தாலும் அச்சுப்பிழையோடுதான் வரும். யாருக்கும் எந்த உணர்ச்சியும் உண்டாகாது.

சரி, படம். மிலானோ ஃபிலிம்ஸ் 1911-ல் வெளியிட்ட 'இன்ஃபெர்னோ' (நரகம் என்று அர்த்தம்) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்தக் காலத்துக்கு அது ராட்சச நீளம். உண்மையில் அவர்கள் தழுவியது தாந்தேயை அல்ல, பிற்காலத்தில் அவர் கவிதைக்குப் படம் வரைந்த ஓவியர் குஸ்தாவ் தோரேயை. பல காட்சிகள் அவருடைய ஓவியம் எழுந்து நடப்பது போலவே இருக்கும். வசனம் எதற்கு? வெட்டுண்ட தன் தலையை லாந்தர் மாதிரி தூக்கிப் பிடித்து வருகிறான் ஒருவன். லாந்தர் உவமை தாந்தேயுடையதுதான். சாத்தான் லூசிஃபர் வாயில் ஒரு ஆள் காலை உதறுகிறான். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்த கதை வேறு. மிலான்காரர்கள் வருஷக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்க, ரோமுக்குப் பக்கத்தில் வெல்லெத்ரியில் இருந்த ஹீலியோஸ் என்ற சின்னக் கம்பெனி அதே நரகத்தைச் சின்னப் படமாகச் சுருட்டி எடுத்து முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டது. படித்தபோது வயிறு எரிந்தது. நாங்கள் ஆறு மாதம் யோசித்த தீபாவளி மலர்த் திட்டத்தை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பத்திரிகை ஆயுதபூஜைக்கே அச்சடித்தது ஞாபகம் வந்தது.

திருடர்களுக்குத் தாந்தே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்: நரகத்தின் எட்டாம் வட்டம், ஏழாவது பள்ளம், முழுக்கப் பாம்பு. அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுபவர்கள் முகவரியைக் குறித்துக்கொள்ளலாம். பின்கோடுதான் கிடைக்கவில்லை.