காருக்கு அடியில் படுப்பதற்கு முன்

கோவை கணபதியில் 36 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடிதங்களில் நான்கு, காரை வீட்டிலேயே தூக்கி வேலை பார்ப்பதைப் பற்றியவை. நான்கிற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னுடையது 2014 வேகன் ஆர். இன்ஜின் ஆயிலை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். போர்டிகோவில் பேவர் பிளாக் தரை. வண்டியோடு வந்த ஜாக்கியில் தூக்கி, வீடு கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக்கை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் போகலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் கல்லை முதலில் அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்.

சுவரில் வைத்தால் மாடியையே தாங்குகிற கல்தானே என்று தோன்றும். சுவரில் அதன் தலை முழுக்கச் சாந்து போட்டு, பாரம் பரவலாக இறங்குகிறது. காரின் அடியில் இருப்பதோ கத்தி விளிம்பு போன்ற தகடு. ஆளே ஏறாமல் 850 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியின் முன்பாரம் அந்த ஒரு கோட்டில் உட்காரும். மரக்கட்டை என்றால் நசுங்கும், முறுகும், சத்தமாவது கொடுக்கும். சிமெண்ட் கல் எதுவும் சொல்லாது. நின்றபடியே நின்று ஒரே நொடியில் நொறுங்கிப் போகும். செங்கல்லும் அதே ரகம்தான்.

வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி ரோட்டில் ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுத்தது. அதன் பாதம் உள்ளங்கை அகலம்தான். வண்டி முன்னேயோ பின்னேயோ இரண்டு விரற்கடை நகர்ந்தால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும். அதில் தூக்கிய வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

1987-இல் நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மே மாத மத்தியானம், இடம் இல்லாமல் ஒரு அம்பாசடரை வாசலில் தார் ரோட்டிலேயே பாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தோம். என்னோடு வேலை பழகிய பையனுக்கு 16 வயது, அவன்தான் அடியில் இருந்தான். வெயிலில் தார் இளகி, ஜாக்கியின் பாதம் ஒரு ஓரமாக உள்ளே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஜாக்கியை விட்டு வழுக்கிக் கீழே வந்தது. கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் மேஸ்திரியின் கண்டிப்பு. வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. பையனின் நெஞ்சுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவன் காலைப் பிடித்து இழுத்தவன் நான்தான். இன்று அவனுக்குத் திருப்பூரில் சொந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அவனை எப்போது பார்த்தாலும் எனக்கு முதலில் அந்தச் சக்கரம்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே தம்பி, சக்கரத்தில் உருளும் 2 டன் ட்ராலி ஜாக்கி ஒன்றும், ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடியும் வாங்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டின் மேல். ஸ்டாண்டில் பல்லும் கொக்கியுமாக ஏறுகிற வகை ஒன்று, துளையில் கம்பி செருகுகிற வகை ஒன்று. என் கை கம்பி வகையைத்தான் எடுக்கும். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவி விற்கும் நிறுவனம் பல் வகை ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. கொக்கி பல்லைச் சரியாகப் பிடிக்காமல் நழுவக்கூடும் என்பதே காரணம். இப்போது பல் வகையிலும் கூடவே ஒரு பூட்டுக் கம்பியோடு வருகிறது. அதையாவது கேட்டு வாங்குங்கள்.

பேவர் பிளாக்குக்கு அடியில் இருப்பது மணல். ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு கல்லில் நின்றால் ஒன்று மட்டும் அமுங்கும். ஒரு அங்குலக் கனமுள்ள பிளைவுட்டை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள். ட்ராலி ஜாக்கிக்கும் அதேபோல ஒரு நீளப் பலகை வேண்டும். தூக்கத் தூக்க அது வண்டியை நோக்கி உருள வேண்டும், சந்தில் சிக்கினால் மேலே வண்டி இழுபடும். தரை சரிவாக இருந்தால் அன்று வேலையே வேண்டாம். போர்டிகோவில் பெரும்பாலும் வாசல் பக்கம் மழைநீருக்கு வாட்டம் விட்டிருப்பார்கள், பந்து ஒன்றை வைத்துப் பாருங்கள்.

முன்பக்கம் தூக்குகிறீர்கள், ஆகவே பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி, பாரம் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு வெளியே நின்று வண்டியை இடுப்பால் நன்றாக இடித்துக் குலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போது விழட்டும். ஆடவில்லை என்றால் ஜாக்கியையும் பாரமில்லாமல் தொட்டபடி அங்கேயே விட்டு, ஸ்டெப்னியைப் படுக்கவைத்து அடியில் தள்ளிவிட்டுப் போங்கள். வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: முன் டயர் பஞ்சர். முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் தூக்கினேன். டயர் தரையை விட்டதும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்து ஜாக்கி சாய்ந்தது. ஹேண்ட் பிரேக் கொஞ்ச நாளாகவே லூசு. கியரில் இருந்தும் எப்படி நகர்ந்தது?
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்களுக்கு அடிபடவில்லை என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பலரும் ஏமாறுகிற இடம் இது.

உங்கள் காரில் இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கியர் பிடிப்பதும் அவற்றைத்தான். ஆனால் வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற வேண்டும் என்பதற்காக நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அது தாராளமாக எதிர்த்திசையில் சுற்றும். தரையில் இருக்கும் முன்சக்கரம் கியரையும் மீறி உருளும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் போட்டாலும் இதே கதைதான். அப்போது வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பின்சக்கர ஹேண்ட் பிரேக் மட்டும். அது லூசு என்கிறீர்கள், பிறகு பிடிக்க வேறு எதுவும் இல்லை.

பின் டயர் மாற்றும்போது நிலைமை மாறுகிறது. ஹேண்ட் பிரேக்கின் இரண்டு சக்கரத்தில் ஒன்று மேலே போய்விடும். அப்போது கியர் கை கொடுக்கும். ஆகவே எப்போதும் இரண்டையும் போடுங்கள், தூக்குகிற சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல்லோ கட்டையோ கொடுங்கள். டிக்கியில் ஒரு ஜோடி மரக்கட்டை கிடக்கட்டும். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் அந்த உலுக்கலிலேயே ஜாக்கி நழுவும். ஹேண்ட் பிரேக் கேபிளை இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஜாக்கி வைக்கிற இடத்தில் ஜாக்கி இருக்கிறது. ஸ்டாண்டை எங்கே வைப்பது?
— வாசகர், ஈரோடு

பதில்: நல்ல கேள்வி. கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும் இரண்டிரண்டு வெட்டுக் குறி இருக்கும். உள்ளே பலம் கொடுத்திருப்பது அந்தக் குறிகளுக்கு நடுவில். அதை ஸ்டாண்டுக்கு விடுங்கள். விளிம்பு நசுங்காமல் இருக்க நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் கிடைக்கிறது. ட்ராலி ஜாக்கியை முன்பக்கம் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) வந்து மாட்டுகிற கனமான சப் ஃபிரேமில் (அடிச்சட்டத்தில்) கொடுக்கலாம். எந்த இடம் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் படமே இருக்கும். அதைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), கியர் பாக்ஸ், சைலன்சர், தரைத் தகடு ஆகியவற்றில் ஜாக்கி படக் கூடாது. சம்ப் நெளிந்து, ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபட்டு இன்ஜின் போன வண்டி என்னிடம் வந்திருக்கிறது.

கேள்வி: என் ட்ராலி ஜாக்கி பத்து நிமிடத்தில் அரை அங்குலம் இறங்குகிறது. ஸ்டாண்டு வைப்பதற்குள் இறங்காது என்பதால் பயன்படுத்தலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. இன்று அரை அங்குலம் இறங்குகிற ஆயில் சீல் நாளை முழுதாகக் கிழியலாம், அதுவும் நீங்கள் ஸ்டாண்டை உள்ளே நுழைக்கிற நேரத்தில். முதலில் ஜாக்கியை இறக்கத் திறக்கிற ரிலீஸ் வால்வு முழுதாக மூடுகிறதா, அதன் வாயில் அழுக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் சீல் கிட் போட்டு, ஜாக்கி ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீலின் ரப்பர் ஊதிப் போகும். பிறகு வண்டியைத் தூக்கி, அடியில் யாரும் போகாமல், பாடிக்கும் தரைக்கும் இடையே அளவு எடுத்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். அப்போதும் இறங்கினால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், யாருக்கும் இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.