ஓட்டை மைக்ராவில் உலான் உதே வரை: மங்கோல் ராலி கேள்வி பதில்

2017இல் நண்பனும் நானும் ஒரு பழைய நிசான் மைக்ராவில் இங்கிலாந்திலிருந்து மங்கோல் ராலிக்குக் கிளம்பினோம். சின்னக் காரில் மங்கோலியா பக்கம் வரை ஓட்டிப் போய், தொண்டுக்காக நன்கொடை திரட்டும் பயணம் அது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணா, இது ரேஸா? ஜெயித்தால் என்ன தருவார்கள்?

ஒன்றும் தர மாட்டார்கள். நேரக்கணக்கு கிடையாது, இந்த வழியில்தான் போகணும் என்பதும் கிடையாது, பின்னால் உதவி வண்டியும் வராது. சுமார் 16,000 கிலோமீட்டர். முதலில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் முடிந்தது, பிற்பாடு ரஷ்யாவின் உலான் உதேவுக்கு மாறியது. 2004இல் முதல் முறை 6 வண்டிகள் கிளம்பி 4தான் போய்ச் சேர்ந்தன.

நன்கொடைப் பணத்திலேயே பெட்ரோல் போடலாமா?

கூடவே கூடாது. நாங்கள் போனபோது ஒரு அணி குறைந்தது 1,000 பவுண்டு திரட்ட வேண்டும். அதில் 500 மழைக்காடுகளைக் காக்கும் கூல் எர்த் அமைப்புக்கு, மீதி நீங்கள் விரும்பும் தொண்டு நிறுவனத்துக்கு. பெட்ரோல், விசா, நுழைவுக் கட்டணம் எல்லாம் சொந்தக் காசு. கொடுப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “ஊர் சுற்ற நான் எதற்குக் காசு தரணும்?” என்று என் மாமாவே கேட்டார்.

ஒரு லிட்டர் எஞ்சின் பாமீர் மலையில் ஏறுமா, சார்?

ஏறும், முனகிக்கொண்டே. தஜிகிஸ்தானில் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே காற்று அவ்வளவு மெலிசு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினின் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் காணாமல் போய்விடும். நண்பனை இறக்கி நடக்க விட்டு, முதல் கியரிலேயே ஏற்றினேன். சரளையில் முன்சக்கரம் வெறுமனே சுற்றினால் ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி அது. ரிவர்ஸில் போனால் எடை இறக்கத்துப் பக்கம் உள்ள அந்தச் சக்கரங்கள் மேல் விழும், பிடி கிடைக்கும்.

என்னென்ன மாற்றணும்?

ஆயில் சேம்பருக்கு அடியில் கனமான தகடு. இரண்டு ஸ்டெப்னி. அவ்வளவுதான்; கூரை மேல் ஏற்றும் பெட்டிகள் முதல் வாரத்திலேயே தொல்லை. கஜகஸ்தானில் எங்கள் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, ஒரு கிராமத்துப் பெரியவர் வேறு ஏதோ வண்டியின் கேபிளை வெட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ குடிக்காமல் போக விடவில்லை.

வழியில் வண்டி செத்துவிட்டால் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாமா?

எல்லோரும் எஞ்சினுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது காகிதத்துக்கு. எல்லையில் உங்கள் கார் ‘தற்காலிக இறக்குமதி’ என்று உங்கள் பெயரில் பதிவாகும். நீங்கள் மட்டும் வெளியேறினால், வரி கட்டாமல் வண்டியை விற்றுவிட்டதாகத்தான் சுங்கத்தார் நினைப்பார்கள். அதனால் செத்த வண்டியையும் லாரியில் ஏற்றி எல்லை தாண்டினவர்கள் உண்டு. ஈரான் வழி என்றால் கார்னே வேண்டும்; வண்டியைத் திரும்ப வெளியே கொண்டுபோவோம் என்று உறுதி தரும் சுங்க ஆவணம் அது. பாமீருக்கு விசா போதாது, அது உள்ள தஜிகிஸ்தான் மாகாணமான கோர்னோ-பதக்‌ஷானுக்குத் தனி அனுமதி. அப்புறம், இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது; மத்திய ஆசிய நாடுகள் பெரும்பாலும் 1968 ஒப்பந்தத்தில் உள்ளவை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்பியன் கடல் கப்பலுக்கு முன்பதிவு எப்படி?

முன்பதிவா! அது சரக்குக் கப்பல். சரக்கு நிறைந்தால் கிளம்பும். அஜர்பைஜானின் அலாத் துறைமுகத்தில் நாலு நாள் காருக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருந்தோம். கொரோனாவுக்காக 2020இல் மூடிய தரை எல்லையை அஜர்பைஜான் பல வருடம் திறக்கவே இல்லை. 2022 உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய வழியும் சிக்கல். எங்கள் வரைபடத்தை அப்படியே பின்பற்றாதீர்கள்.

நண்பனோடு சண்டை வரவில்லையா?

வந்தது. உஸ்பெகிஸ்தானில் இரண்டு நாள் பேச்சே இல்லை. காரணம், ஊறுகாய் பாட்டிலை யார் மூடாமல் வைத்தது என்பது. சீட்டில் அந்த வாடை கடைசி வரை போகவில்லை.