வாடகை வீட்டில் நானே வேலை செய்யலாமா? லைசென்ஸ், பெர்மிட் கேள்வி-பதில்

அமெரிக்காவில் குடியிருக்க ஒரு வீடு வாங்கியவர்கள், இரண்டாவதாக ஒரு பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடுவதும் விற்பதும் நம்மவர்களிடையே இப்போது சகஜமாகிவிட்டது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கலிபோர்னியாவிலிருந்து, ஒன்று டெக்சஸிலிருந்து. லைசென்ஸ் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பெர்மிட் விதி ஊருக்கு ஊர் மாறும். அதனால் பக்கத்து ஊர் நண்பர் செய்ததை அப்படியே செய்யக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: சாக்ரமெண்டோவில் 1962-ல் கட்டிய ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். வாடகைக்கு விடப் போகிறேன். குளியலறையையும் சமையலறையையும் சனி, ஞாயிறுகளில் நானே புதுப்பிக்கலாம் என்று எண்ணம். என் வீடு, என் உழைப்பு. இதற்கு லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் தேவையா?

பதில்: இரண்டும் வேறு வேறு. வேலையை யார் செய்யலாம் என்பது லைசென்ஸ் விஷயம், அதை மாநிலம் பார்க்கிறது. எந்த வேலையைச் சோதிக்க வேண்டும் என்பது பெர்மிட் விஷயம், அது நகரத்தின் கட்டிடத் துறையிடம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்ய அனுமதி இருந்தாலும் பெர்மிட் எடுக்கத்தான் வேண்டும்.

லைசென்ஸில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. கலிபோர்னியாவின் தொழில் சட்டத்தில் 7044-வது பிரிவு ‘ஓனர்-பில்டர்’ என்று ஒரு விலக்கு தருகிறது. விற்கும் நோக்கம் இல்லாத வரை சொந்தக் கட்டிடத்தில் உரிமையாளரே வேலை செய்யலாம். வாடகைக்கு விடுவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்த ஓராண்டுக்குள் வீட்டை விற்றாலோ விற்பனைக்கு வைத்தாலோ, விற்பதற்காகத்தான் செய்தீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வாடகை வீட்டில் உரிமையாளரே மின்வேலை செய்வதற்கு நகரம் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கலாம். வீடு உங்கள் பெயரில் இல்லாமல் எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இந்த விலக்கை ஏற்பார்களா என்பதையும் வேலை தொடங்கும் முன்பே கட்டிடத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெர்மிட்டுக்கு வருவோம். பெயின்ட், டைல்ஸ், கார்ப்பெட், கேபினெட், மேடைக்கல் மாற்றுவது இவற்றுக்கெல்லாம் பெர்மிட் வேண்டாம். குழாயை இடம் மாற்றுவது, புது சர்க்யூட் இழுப்பது, சுவரை எடுப்பது, ஜன்னல் திறப்பைப் பெரிதாக்குவது எல்லாவற்றுக்கும் வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் வாட்டர் ஹீட்டர். பழையதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி புதிதை வைத்தாலும் பெர்மிட் உண்டு. புகை வெளியேறும் குழாய் சரியாக இருக்கிறதா, நிலநடுக்கத்தில் சாயாமல் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அப்புறம், சுவருக்குள் போகும் வயரையும் குழாயையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முன் ட்ரைவால் பலகையால் சுவரை மூடிவிடாதீர்கள். மூடினால் பிரிக்கச் சொல்வார், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

பெர்மிட் எடுத்தால் சேர்ந்து வரும் செலவுகளும் உண்டு. வேலையின் மதிப்பு 1,000 டாலரைத் தாண்டினால் புகை எச்சரிக்கைக் கருவிகளையும் கார்பன் மோனாக்சைடு கருவிகளையும் இன்றைய விதிப்படி வைக்கச் சொல்வார்கள். உங்களுடையதைப் போல 1994-க்கு முந்தைய வீடாக இருந்தால், ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 1.6 கேலனுக்கு மேல் தண்ணீர் கொட்டும் பழைய டாய்லெட்டுகளையும் அதிகம் இறைக்கும் ஷவர்களையும் மாற்றாமல் இறுதி ஒப்புதல் கிடைக்காது. நீங்கள் கைவைக்காத இரண்டாவது குளியலறைக்கும் இது பொருந்தும். பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஈயம். 1978-க்கு முன் கட்டிய வீடுகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். 2010 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ-வின் விதி, தான் குடியிருக்கும் வீட்டில் தானே வேலை செய்பவரை விட்டுவிடுகிறது. வாடகை வீட்டு உரிமையாளரை விடுவதில்லை, வாடகையும் ஒரு வருமானம்தானே! ஓர் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேலோ வெளிச்சுவரில் 20 சதுர அடிக்கு மேலோ பெயின்ட்டைக் கிளறினால், அல்லது ஒரே ஒரு ஜன்னலை மாற்றினால்கூட, 8 மணி நேரப் பயிற்சியும் சான்றிதழும் தேவை. உங்கள் பெயரில் ஈபிஏ பதிவும் வேண்டும். முறைப்படி சோதித்து ஈயம் இல்லை என்று தெரிந்துவிட்டால் இந்த விதி பொருந்தாது. வேலை தொடங்கும் முன் முதலில் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீமான்ட் வாடகை வீட்டின் குளியலறைக்கு ஒருவர் 14,000 டாலர் கேட்கிறார். “பெர்மிட்டை உங்கள் பெயரில் ஓனர்-பில்டர் என்று எடுத்துக் கொடுங்கள் அண்ணா, 2,000 குறைத்துக்கொள்கிறேன்” என்கிறார். லைசென்ஸ் நம்பர் கேட்டால், புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஊர்ப் பாசத்தை வேறு விஷயத்தில் காட்டுங்கள்.

கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாதவர் எடுக்கக்கூடிய வேலையின் உச்சவரம்பு 1,000 டாலர். 2024 வரை அது 500-தான், 2025 ஜனவரியில்தான் உயர்த்தினார்கள். கூலி, பொருள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தொகை. அந்த வேலைக்குப் பெர்மிட் தேவைப்படக் கூடாது, அவர் கூட ஆள் வைத்துக்கொள்ளவும் கூடாது. 14,000 டாலர் வேலையைச் சின்னச் சின்ன பில்லாகப் பிரித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே வேலை.

இந்த ஏற்பாட்டில் அவர் உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பது பொறுப்பை. ஓனர்-பில்டர் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டதும் நகரத்தின் கணக்கில் அந்த வேலைக்குப் பொறுப்பாளர் நீங்கள்தான். இன்ஸ்பெக்ஷனில் தவறினால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் தேவைப்படும் வேலையை லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்தால் அவரையும் அவர் கூட்டிவரும் ஆட்களையும் உங்கள் ஊழியர்களாகவே தொழிலாளர் சட்டம் கருத முடியும். ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்களைத் தேடி வரும். வாடகை வீட்டுக்கான காப்பீடு இதையெல்லாம் ஏற்கும் என்று கணக்குப் போடாதீர்கள். 2,000 டாலர் தள்ளுபடிக்கு இது தகாது.

சட்டம் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே நிற்கிறது. முன்பு சொன்ன அதே தொழில் சட்டத்தின் 7031-வது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாதவர் கூலிக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. நீங்கள் கொடுத்ததையும் முழுவதும் திரும்பக் கேட்கலாம், வேலை நன்றாக இருந்தாலும்கூட. ஆனால் தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணத்தை வாங்குவது வேறொன்று. அவர் பெயரில் சொத்தே இல்லாவிட்டால் தீர்ப்பை வைத்து என்ன செய்வீர்கள்?

சரி, யாரிடம் கொடுப்பது? மாநிலத்தின் காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியமான சி.எஸ்.எல்.பி.யின் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று உடனே தெரியும். பொதுக் கட்டிட வேலைக்கு ‘பி’, மின்வேலைக்கு ‘சி-10’, பிளம்பிங்குக்கு ‘சி-36’ என்று வகைகள் உண்டு. வகை பொருந்துகிறதா, 25,000 டாலர் பாண்டு (உத்தரவாதப் பத்திரம்) இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்பதெல்லாம் அதே பக்கத்தில் வரும். அங்கே இருக்கும் பெயரும் உங்களிடம் வந்தவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்தவர் நம்பரைச் சொல்லி வேலை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முன்பணத்துக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அது. பாதிப் பணம் கேட்பதே சட்டமீறல்தான். மீதியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். ஒவ்வொரு தவணையின்போதும் டைல்ஸ் கடைக்காரர், உள்வேலை எடுத்த பிளம்பர் ஆகியோரிடமிருந்து பணம் பெற்றுக்கொண்டதாக ‘லீன் ரிலீஸ்’ எழுதி வாங்குங்கள். நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்து, அவர் கடைக்குக் கொடுக்காமல் விட்டால், கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல்தான் உரிமை கோருவார்.

கேள்வி: சான் ஹோசேவில் ஒரு வீட்டை வாங்கிச் சரிசெய்து ஆறு மாதத்தில் விற்கும் திட்டம். நானே ஓனர்-பில்டராக இருக்கலாமா?

பதில்: உங்கள் கையால் செய்ய முடியாது, விற்கும் நோக்கம் இருக்கிறதே. ஓனர்-பில்டர் பெர்மிட் எடுத்து ஒவ்வொரு வேலையையும் அந்தந்த லைசென்ஸ் உள்ளவர்களிடம் கொடுக்கலாம். தனி வீடுகள் என்றால் ஒரு காலண்டர் ஆண்டில் நான்கு வரை. முழு வேலையையும் ‘பி’ லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் ஒப்படைத்தால் இந்த நான்கு என்ற எல்லை இல்லை.

விற்கும்போது இன்னொன்று. 2024 ஜூலையிலிருந்து, வாங்கிய 18 மாதத்துக்குள் விற்பவர்கள், தாங்கள் காண்ட்ராக்டர் மூலம் செய்த மாற்றங்களையும் காண்ட்ராக்டர்களின் விவரத்தையும் பெர்மிட் நகல்களையும் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். பெர்மிட் இல்லாத வேலை அந்தக் காகிதத்திலேயே பல்லிளிக்கும். வாங்குபவர் அங்கேயே விலையைக் குறைக்கக் கேட்பார்.

கேள்வி: டெக்சஸில் காண்ட்ராக்டர் லைசென்ஸே கிடையாது என்று டாலஸ் பக்கம் இருக்கும் மச்சான் சொல்கிறான். அப்படியென்றால் ஃப்ரிஸ்கோ வாடகை வீட்டில் நானே எல்லாம் செய்யலாமா?

பதில்: மச்சான் சொன்னது பாதி உண்மை. பொதுக் காண்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் இல்லை. மின்வேலை, பிளம்பிங், ஏ.சி. மூன்றுக்கும் உண்டு. வீட்டுக்காரரே பிளம்பிங் செய்துகொள்ளலாம் என்ற விலக்கு அவர் குடியிருக்கும் ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு மட்டும்தான். வயரிங்கிலும் விலக்கு குடியிருக்கும் வீட்டுக்காரரை மனதில் வைத்தது. வாடகை வீட்டில் இரண்டையும் லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள். நகரப் பெர்மிட் தனி.

ஃப்ளோரிடாவில் இதைவிடக் கறார். அங்கே ஓனர்-பில்டராகக் கட்டும் வீடு சொந்த உபயோகத்துக்கு இருக்க வேண்டும். முடித்த ஓராண்டுக்குள் வாடகைக்கு விட்டாலே விலக்கை மீறியதாகக் கருதுவார்கள்.

கேள்வி: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாடகை வீட்டில் நானே டைல்ஸ் ஒட்டினால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: உங்களை எடுத்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டுமே அந்த விசா. வீடு வாங்கி வாடகை வாங்குவதை முதலீடாகத்தான் பார்ப்பார்கள். தொடர்ச்சியாக வீடுகளை வாங்கி, நீங்களே இறங்கி வேலை பார்த்து விற்றால் அது தொழில் நடத்துவது போல ஆகிவிடும். ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவது எந்தப் பக்கம் சேரும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

கேள்வி: ஹேவர்டில் நாங்கள் வாங்கிய வீட்டில் கராஜை ஏற்கெனவே ஒரு சிறு வீடாக மாற்றியிருக்கிறார்கள். பெர்மிட் இல்லை என்று விற்றவரே எழுதிக் கொடுத்தார். வாடகைக்கு விடலாமா?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். முந்தைய உரிமையாளர் செய்தது என்றாலும் இன்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெர்மிட் இல்லாத வீட்டுக்குப் போட்ட வாடகை ஒப்பந்தம் செல்லாது, வாடகை கேட்க உரிமை இல்லை என்று கலிபோர்னிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. குடியிருப்பவர் ஒருநாள் வாடகையை நிறுத்திவிட்டால் உங்கள் கையில் ஆயுதம் இருக்காது.

ஆனால் முறைப்படுத்த இப்போது நல்ல வழி இருக்கிறது. 2020 ஜனவரி 1-க்கு முன் கட்டிய இப்படிப்பட்ட துணை வீடுகளுக்கு, உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தான குறைகள் இருந்தால் தவிர, பழைய விதிமீறலைக் காட்டிப் பெர்மிட்டை மறுக்கக் கூடாது என்று 2025-லிருந்து மாநிலச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பிக்கும் முன் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் ஒருவரை வைத்து ரகசியமாகச் சோதித்துக்கொள்ளலாம். எவ்வளவு செலவு பிடிக்கும் என்று நகரத்துக்குத் தெரியும் முன் உங்களுக்குத் தெரிந்துவிடும். கட்டிய காலத்தைக் காட்டப் பழைய விற்பனை விளம்பரப் படங்கள், மின் ரசீதுகள் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். இறுதி ஒப்புதல் வரும் வரை அங்கே யாரையும் குடிவைக்காமல் சாமான் அறையாகவே வைத்திருங்கள்.